காணாமல் போன கோளாறு

எதை வேண்டுமானாலும் இரவல் கொடுப்பேன், டிராக்டரை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. வண்டி வந்து இறங்கியதும் அதே வெள்ளிக்கிழமைதான். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் அடங்குவதற்குள் சபதம் எடுத்துவிட்டேன். காரணம், அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் ஆளாக வந்து நின்றவன் என் மச்சினன் காளிச்சாமி.

என் பெயர் ஐயாசாமி. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். கிணற்றடியில் கொஞ்சம் தென்னை, மிச்சமெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற சோளக் காடு. பெரிய டிராக்டர் தென்னை வரிசைக்குள் நுழைந்தால் மட்டையோடு சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். அதனால்தான் சின்ன டிராக்டர் வாங்கினேன். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதற்குப் பேரன் மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அது செல்லப் பிள்ளை.

காளிச்சாமி பக்கத்து ஊர். ரொம்ப நல்லவன். சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாத அளவுக்கு நல்லவன். என் ஏணி அவன் வீட்டில் இருக்கிறது. என் மருந்தடிக்கிற டேங்க் அவன் வீட்டில் இருக்கிறது. என் குடையும் அங்கேதான். மழை வந்தால் நான் நனைந்துகொண்டே அவன் வீட்டுக்குப் போய்க் குடை பிடித்துக்கொள்ள வேண்டும்.

"வண்டி சோக்கா இருக்குதுங்க மச்சான்" என்றான்.

"ம்."

"நம்ம காட்டுக்குத் தோதா இருக்கும் போங்க."

நம்ம காடு என்று அவன் சொன்னது அவனுடைய காட்டை.

அவன் போன பிறகு என் மனைவி ராசாத்தாள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஜாதகம் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டி வாங்கிப்போட்டீங்க, சரி. அதுக்குண்டான சாமானெல்லாம் எங்கீங்க?"

"என்ன சாமானு?"

"பேன் பெல்ட்டு, பியூஸு, டீசல் பில்டரு, கிரீஸ் கன்னு, ஒரு செட்டு ஸ்பேனரு. எங்கப்பன் கெணத்து மோட்டாருக்கே ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி ஊட்டுல வெச்சிருப்பாருங்க. நடுக்காட்டுல நின்னுபோச்சுன்னா கோயமுத்தூருக்கு ஓடிட்டிருக்க முடியுமுங்களா?"

"புது வண்டிக்கு ஸ்பேரா? தாலி கட்டுன அன்னைக்கே ரெண்டாந்தாரம் பாக்கச் சொல்ற மாதிரி இருக்குது."

"பாருங்க. எவ வாரான்னு நானும் பாக்கறேன்."

கம்பெனிக்காரன் கொடுத்த பை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, திறந்தால் மூடாத ஒரு பிளையர். "இது போதும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ராசாத்தாள் ஒன்றும் சொல்லாவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குப் பல வருஷமாக உண்டு. எத்தனை பட்டும் அது போகவில்லை.

காளிச்சாமி அடுத்த வாரமே வந்தான். "மச்சான், வண்டிய ஒரு பொழுது எனக்கு ஸ்பேர் பண்ணுங்க."

"ஸ்பேரே இல்லாத வண்டிய எப்படி மாப்பிள்ளே ஸ்பேர் பண்றது?" என்று சிரித்துக்கொண்டே சமாளித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே, "நாளைக்கு விடிய வாரேன்" என்று போய்விட்டான். சிரித்தால் போகிற ஆள் இல்லை அவன். இல்லை என்று நேராகச் சொல்லலாம்தான். சொன்னால் பெண்டாட்டியின் தம்பிக்கு இல்லை என்று சொன்னவன் ஆவேன். அப்புறம் ரசத்தில் உப்பு இருக்காது, அல்லது உப்பில் கொஞ்சம் ரசம் இருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டியைக் கொடுக்க மாட்டேன் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? வர மாட்டேன் என்று வண்டி சொல்லட்டுமே!

விடிவதற்கு முன் எழுந்து, மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காளிச்சாமி வந்தான். சாவியைத் திருப்பினான். வண்டி தியானத்தில் இருந்தது.

"என்னாச்சுங்க மச்சான்?"

"அடடா! பியூஸ் போயிருச்சு மாப்பிள்ளே. என்ன பண்றது, மெஷினு பாரு."

அவன் முகம் வாடிப் போயிற்று. நான் முகம் வாடினவன் மாதிரி நின்றேன். உள்ளுக்குள் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. ராசாத்தாள் வந்து பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க, பியூஸ் போயிருச்சுன்னா, இப்படி நெசமாவே போயிருமுங்களா?"

"பின்ன? போயிருச்சுன்னா போயிருச்சுதான்."

"செரிங்க."

அன்று மதியம் அவள் டெலிபோன் பூத்துக்குப் போய், கோயமுத்தூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற சுந்தரராஜுலுவிடம் பேசியிருக்கிறாள். மறுநாள் பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு அட்டை நிறையப் பியூஸ்.

"ஒண்ணு கேட்டா ஒரு அட்டையா?"

"போற பியூஸுங்களாச்சே. அடிக்கடி போகுமில்லீங்க."

காளிச்சாமி மறுபடி வந்தான். இந்த முறை பேன் பெல்ட்டைக் கழற்றினேன். பியூஸ் மாதிரி பெல்ட் சட்டைப் பையில் அடங்குகிற சாமான் இல்லை. வேட்டிக்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டு, மடங்காத பாம்பைப் பிடித்தவன் போல நடந்து, மாடு கட்டுகிற கட்டுத்தறியில் இருந்த தவிட்டு மூட்டைக்குள் புதைத்தேன். வெளியே வந்து, "பெல்ட்டு அறுந்துபோச்சு மாப்பிள்ளே" என்றேன். என் இடுப்பிலிருந்து தவிடு கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த முறை ராசாத்தாள் பூத்துக்குப் போகவில்லை. பால் காசை எடுத்துக்கொண்டு நேராகக் கோயமுத்தூருக்கே பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் இறங்கும்போது இரண்டு பை. இரண்டு பெல்ட், ஒரு கிரீஸ் கன், பளபளவென்று ஒரு செட் ஸ்பேனர், போதாததற்குக் கடைக்காரர் கொடுத்த காலண்டர்.

"அந்தண்ணன் நல்ல மனுசனுங்க. வாங்கம்மணின்னு உக்கார வெச்சு, எதெது சீக்கிரம் தேயும், எதெது ஊட்டுல இருக்கோணும்னு அத்தனையும் சொல்லிக் குடுத்தாரு."

"பெல்ட்டு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு போடறக்கு. ஒண்ணு அடுத்த தடவ நீங்க... வண்டி அறுத்துப்போட்டா மாட்டறக்கு."

நீங்க என்பதற்கும் வண்டி என்பதற்கும் நடுவில் அவள் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை நான் கவனித்திருக்க வேண்டும். புது பெல்ட்டை மாட்டுகிற மும்முரத்தில் இருந்தேன். யோக்கியன் என்று காட்டுவதற்காகப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். வீணைத் தந்தி மாதிரி நின்றது.

அதற்கப்புறம் என் வாழ்க்கை இப்படி ஓடியது. காளிச்சாமி வருவான். நான் ஒன்றைக் கழற்றுவேன். ராசாத்தாள் இரண்டு வாங்குவாள். டீசல் பில்டர் அடைத்துக்கொண்டது என்றேன், பில்டரும் வாசரும் வந்தன. ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகுகிறது என்றேன், ஹோஸும் அதை இறுக்குகிற கிளிப்பும் வந்தன. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்க டிராக்டர் சாமான். ஒரு நாள் டீயோடு தின்ன மிக்சர் டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். நட்டும் போல்ட்டும்.

"ஏம்புள்ள, மிக்சரு எங்க?"

"அதுவும் மிக்சருதானுங்க. ஒண்ணுக்கொண்ணு சைஸ் சேராது."

பல்லைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டேன். அத்தனை காசும் நான் வேண்டாம் என்று சொன்ன சாமானுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் வண்டி என் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஜெயித்தது நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. சோளம் விதைக்க வேண்டிய காடு வெடித்துக் கிடந்தது. மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்த போன வருஷத்துச் சோளத் தட்டுப்போர் கரைந்து, அடியில் ஒரு படுக்கை அளவுதான் மிச்சம். எங்களிடம் இரண்டு காங்கேயம் மாடுகள். ராசாத்தாள் கன்றிலிருந்து வளர்த்தவை. இந்த மழையும் தவறினால் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வானத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில் காளிச்சாமி வந்து, "நாளைக்குக் கண்டிப்பா வேணுமுங்க மச்சான். மழை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், புழுதி ஓட்டி வெச்சரலாம்னு பாக்கறேன்" என்றான்.

கலப்பையை வண்டியோடு மாட்டுகிற இடத்தில் லாக் பின் என்று ஒன்று உண்டு. விரல் நீளம்தான். அது இல்லாவிட்டால் கலப்பை ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். அன்று மத்தியானமே எல்லாப் பின்னையும் உருவி, கொட்டகைச் சுவரில் இருந்த பொந்துக்குள் தள்ளி, "பின்னெல்லாம் ஒடைஞ்சுபோச்சு" என்று வீட்டில் அறிவித்தேன். "செரிங்க" என்றாள் ராசாத்தாள்.

பொழுது சாய வானம் கறுத்தது. அப்படி ஒரு மழை. பல மாசக் கோபத்தையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்த மாதிரி. நான் வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். கட்டுத்தறியில் ராசாத்தாள் மாடுகளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

மானாவாரிக் காட்டில் ஈரம் நமக்காகக் காத்திருக்காது. வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிவிடும். விடிந்ததும் ஓட்டி விதைத்துவிட வேண்டும். முதல் வெளிச்சத்தில் கொட்டகைக்கு ஓடிப் பொந்துக்குள் கையை விட்டேன்.

ஒரு பல்லி இருந்தது. பின் இல்லை.

பக்கத்துப் பொந்தில் விட்டேன். தரையைத் தடவினேன். வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். சாக்கை உதறினேன். பல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. பின்னு."

"அதான் ஒடைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே. ஒடைஞ்ச பின்னை எதுக்குங்க பொந்துக்குள்ள தேடறீங்க?"

வாயைத் திறந்தேன். டீசல் தீர்ந்த வண்டி மாதிரி இரண்டு தடவை உறுமி நின்றுபோனேன்.

ராசாத்தாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஊருல எல்லாரு வண்டியிலயும் சாமான் கெட்டுப்போனா, கெட்ட சாமான் அங்கயே கெடக்குமுங்க. நம்ம வண்டியில மட்டும் கெட்டது காணாமப் போயிருது. மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம் உங்க சட்டையத் தொவைக்கறப்ப பியூஸு கெடைச்சுது. மாட்டுக்குத் தவுடு அள்ளறப்ப பெல்ட்டு கெடைச்சுது. ஹோஸு மட்டும் கெடைக்க நாளாச்சுங்க. தட்டுப்போருக்குள்ள வெச்சிருந்தீங்க, கெட்டிக்காரருதான்."

"எல்லாம் தெரிஞ்சுமா ஒவ்வொண்ணா வாங்குன?"

"நானாக் கேட்டா வாங்கித் தந்திருப்பீங்களா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் வாசலில் சைக்கிள் மணி. காளிச்சாமி தோளில் விதை மூட்டையோடு நின்றான். முழங்கால் வரைக்கும் சேறு. என் மானம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். அவன் ஊரே சிரிக்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"வா காளி. உங்க மச்சான் விடியறக்கு முன்னயே எந்திரிச்சு, உனக்குக் கலப்பை மாட்டித் தரோணும்னு பின்னைத் தேடிட்டிருக்காரு பாரு" என்றாள் ராசாத்தாள். மடியிலிருந்து பின்களை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தாங்க, இங்கதான் கெடந்துச்சு."

காளிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான், மழை பேஞ்ச அன்னைக்குக் கூட எனக்காகவாங்க?" என்றான். நான் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் மனசுக்குள் ராசாத்தாளுக்குக் கும்பிடு போட்டேன்.

"மொதல்ல நம்ம காடு. வெயிலு உச்சிக்கு வாரதுக்குள்ள முடிச்சுபோட்டு, அப்பறம் அவன் காடு. செரிங்களா?" என்றாள்.

"செரிங்க" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னது அன்றுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

வண்டி ஓடியது. நான் ஓட்ட, காளிச்சாமி பின்னாலேயே விதைத்துக்கொண்டு வந்தான். செம்மண் வாசனை மூக்கைத் துளைத்தது. பாதிக் காடு தாண்டியிருக்கும். பட்டென்று ஒரு சத்தம். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சரசரவென்று ஏறியது. நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பேன் பெல்ட் இரண்டு துண்டு. நான் வீணை மாதிரி இறுக்கிய அதே பெல்ட். இந்தத் தடவை நெசமாகவே அறுந்திருந்தது. கெட்ட சாமான் அங்கேயே கிடந்தது.

சூரியன் தென்னைக்கு மேலே ஏறிவிட்டது. அதே நேரம் பக்கத்துக் காட்டில் அரங்கசாமியின் பெரிய டிராக்டர் பில்டர் அடைத்து நின்றுபோய், அவர் காங்கேயத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தட்டுப்போர் ஞாபகம் வந்தது. ராசாத்தாள் சிரித்த சத்தம் ஞாபகம் வந்தது.

வரப்பில் அவள் வந்துகொண்டிருந்தாள். தலையில் சோத்துப் போசி, இடுப்பில் மிக்சர் டப்பா, ஒரு தோளில் இரண்டு பெல்ட். சத்தம் நின்றதுமே புறப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து, காளிச்சாமிக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, கடையில வாங்கினது போடட்டுங்களா, தவுட்டு மூட்டையில வாங்கினது போடட்டுங்களா?"

"எது கைக்கு வருதோ அது" என்றேன்.

காளிச்சாமி டப்பாவிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ராசாத்தாள் சொன்ன அளவுக்குத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி, விரலால் அமுக்கிப் பார்த்து இறுக்கினான். அவ்வளவு லாகவமாக வேலை செய்கிறவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. சோறு ஆறுவதற்குள் வண்டி உறுமியது. ராசாத்தாள் டப்பாவோடு அரங்கசாமியின் காட்டுக்கும் போய்வந்தாள். அவர் வண்டிக்கு எங்கள் பில்டர் சேராதாம். ஆனால் எங்கள் ஸ்பேனரும் வாசரும் சேர்ந்தன. அவரே தன் பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்து, அவரும் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

உச்சி வெயிலுக்குள் எங்கள் காடு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் காளிச்சாமியின் காடும் முடிந்தது. அவன் வண்டியைக் கழுவி, டேங்க் நிறைய டீசல் ஊற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். ஏணியும் குடையும்கூட வண்டியின் பின்னால் கட்டியிருந்தன. நான் கேட்கவில்லை. அவனாகத்தான் கொண்டுவந்தான்.

சோளம் முளைத்துக் காடு பச்சை கட்டிய ஒரு சாயங்காலம், நானும் ராசாத்தாளும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாடு இரண்டும் கட்டுத்தறியில் அசை போட்டுக்கொண்டிருந்தன. இனிச் சந்தைப் பேச்சு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அன்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ராசாத்தா, நீ மட்டும் அந்தச் சாமானெல்லாம் வாங்கி வெக்காட்டி, இந்தக் காடும் இல்ல, மாடும் இல்ல. என்ற மானமும் இல்ல. நல்லாருப்ப. இனிமே வண்டிக்கு என்ன வேணும்னாலும் வாயைத் தொறந்து கேளு, நானே வாங்கித் தாரேன்."

அவள் பயிரைப் பார்த்தாள். கண் ஓரத்தில் லேசாகத் தண்ணீர் நின்றது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"கேட்டு வாங்கறது எனக்குப் பழக்கமில்லீங்க. ஹெட்லைட் பல்பு மட்டும் இன்னும் ஸ்பேர் இல்ல, அதைய எப்பங்க கழட்டறீங்க?"